மகளோடு உட்காரும் நேரம்

ஜமுனாமரத்தூரில் ஆபீஸ் வேலையை முடித்து, மலை பஸ்ஸில் இறங்கி அடிவாரத்து வீட்டுக்கு வந்தால், இருட்டும் வரைக்கும் உள்ள நேரம் என் மகளுக்கு. மூன்று வயது. படப் புத்தகம் பார்ப்போம், அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்வேன், எறும்பு எங்கே போகிறது என்று இருவரும் பின்னாலேயே போவோம். யார் கேட்டாலும் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை என்று அவள் பிறந்தபோதே முடிவு செய்திருந்தேன்.

விதைக்கடலை உடைக்கும் சமயத்தில்தான் சிக்கல் வந்தது. மிஷினில் போட்டால் பருப்பு அடிபட்டு முளைக்காது என்று, விதைக்கு மட்டும் எங்கள் வீட்டில் கையால்தான் உடைப்போம். மாலையானால் பெண்கள் எல்லாரும் குவியலைச் சுற்றி உட்கார வேண்டும். நான் உட்காரவில்லை. சாப்பிட்ட பிறகு என் பங்கை உடைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாரே தவிர ஒன்றும் பேசவில்லை. சம்பளம் வாங்கும் மருமகள் அல்லவா.

பேசியது என் கணவருடைய அண்ணன் மனைவி. ஐந்தாவதோடு படிப்பு நிறுத்தப்பட்டவர். அவருக்கும் என் மகள் வயதில் ஒரு பெண் இருக்கிறாள்.

"புள்ளைங்க தானா வளரும். ஒக்காந்து வளக்கணுமா இன்னா?" என்றார்.

"கூடப் பேசினாத்தானக்கா அதுங்களுக்கு வார்த்த வரும். நீங்களும் கொஞ்ச நேரம் ஒக்காருங்களேன்."

அவர் கை நிற்கவில்லை. "எனக்கு மட்டும் ஆச இல்லியா? நீ படிச்சவ. நீ ஒக்காந்தா பாடம் சொல்லிக் குடுக்கறாம்பாங்க. நான் ஒக்காந்தா வேலைக்கு டிமிக்கி குடுக்கறாம்பாங்க."

பிள்ளை வளர்க்கும் விவரத்தைத்தான் படிப்பு தந்தது என்று நினைத்திருந்தேன். முடியாது என்று சொல்லும் துணிச்சலும் அதிலிருந்துதான் வந்திருக்கிறது. அது இவருக்கு மட்டும் ஏன் இல்லாமல் போக வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகப் போய் அவர் கையிலிருந்த முறத்தை வாங்கிக்கொண்டேன். "புள்ளைங்களோட ஒரு நாள் நீங்க, ஒரு நாள் நான்" என்றேன்.

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்."

"படத்தப் பாத்துப் பேசுங்கக்கா, போதும்."

இரண்டு பெண்களும் அவர் மடியில் இடம் பிடிக்க அடித்துக்கொண்டார்கள். மாமியார் என்னைப் பார்த்தார், நான் கடலையைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து மாமனார் நிலத்திலிருந்து வந்தார். மூத்த மருமகள் புத்தகத்தோடு இருப்பதைக் கண்டு நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, வேல ஒண்ணும் இல்லியா?"

பதில் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அக்கா, உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமலேயே சொன்னார்:

"வேலதான் மாமா செய்றேன்."