ஒரு விரல் இடம்

பெட்டி முதலில் வந்தது. செய்தி அதன் பிறகுதான் வந்தது.

மாலை நான்கு மணி இருக்கும். சென்னையிலிருந்து வரும் பேருந்தின் நடத்துநர் எங்கள் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தின் வாசலில் ஒரு மரப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். பெட்டிக்குள் பனிக்கட்டி பாதி கரைந்திருந்தது. சீரம் குப்பிகளில் ஒன்றும் உடையவில்லை. அவற்றைக் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பிவிட்டுத்தான், பெட்டியைக் கொண்டுவர வேண்டியவர் எங்கே என்று கேட்டேன். கேள்விகளை அந்த வரிசையில் கேட்டவள் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"அதச் சொல்லத்தாம்மா நிக்கறேன்," என்றார் நடத்துநர். "திண்டிவனம் தாண்டி, புளியமரத்து கிட்ட. மொட்டத் தல. பெட்டி மேல ஆசுபத்திரி பேரு இருந்துச்சு. எடுத்துக்குனு வந்துட்டேன்."

"அவர்?"

"நாங்க எறங்கிப் பாக்கறதுக்குள்ளவே போயிட்டாரும்மா."

திரு. கோதண்டபாணி அவர்கள் காலமாகி ஒரு மாதம் ஆகிறது. மருத்துவமனையில் அவரை அறியாதவர்கள் இல்லை. ஆனால் அவர் மோட்டார் சைக்கிளில் வருவதையும் போவதையும் பார்த்தவர்களே அதிகம். நின்று பேசியவர்கள் குறைவு. அவருடன் ஆறு ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மூலக்குளத்துக்கு அருகே நிலம் வைத்திருந்த குடும்பம் அவருடையது. இளம் வயதில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனார். எங்கள் ஊரில் அப்படிப் போனவர்களைச் சொல்தா என்பார்கள். அங்கே அவருக்கு வேலை, முகாமுக்கு முகாம் மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டு போவது. ஊர் திரும்பியபோது, புதுச்சேரி எல்லையில் இருந்த சுங்கச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். சென்னைச் சாலையில் நிறுத்திச் சோதிக்க ஆளில்லை. மருத்துவமனைக்கு அவசர மருந்து கொண்டுவர ஒருவர் தேவைப்பட்டபோது அவரை எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் அவர் வெறுந்தலையோடு வந்தார். படையில் கொடுத்த இரும்புத் தொப்பி இல்லையா என்று கேட்டேன்.

"அந்தக் காஸ்க்கு குண்டுக்குப் பண்ணது மதாம். விழறதுக்குப் பண்ணது இல்ல. வேகமாப் போனா அதுவே கழுத்த ஒடிச்சிடும்," என்றார்.

மதாம் என்றுதான் கடைசி வரை என்னை அழைத்தார். நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல என்பது அவருக்கு ஒரு வேடிக்கை. "மதாம் காலைல சூரியன் வந்தாக்கூட ரெண்டாந்தடவ பாத்துட்டுத்தான் எழுதுவாங்க," என்று மருந்தகத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறார். அது உண்மைதான். எங்கள் வேலை அப்படி.

தலைக்கவசம் வாங்கியது அடுத்த ஆண்டு. நுண்ணோக்கி ஒன்றைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்காக நான் ரயிலில் சென்னை போயிருந்தேன். அவர் மருந்து எடுக்க வந்திருந்தார். மவுண்ட் ரோட்டில் ஒரு கடையில், பந்தயக்காரர்கள் போடும் கவசங்கள் சீமையிலிருந்து வந்திருப்பதாகவும், நான் கூட வர வேண்டும் என்றும் கேட்டார். எனக்கு அதில் என்ன தெரியும் என்றேன்.

"ஒண்ணும் தெரிய வேணாம். நம்ம தலய நாமளே பின்னாலேர்ந்து தூக்கிப் பாக்க முடியாது. அதுக்கு இன்னொரு ஆளு வேணும். சந்தேகப்படற ஆளா இருந்தா நல்லது."

கடையில் முதலில் தையல் நாடாவை வாங்கி, புருவத்துக்கு ஒரு விரல் மேலே தொடங்கி, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி மூன்று முறை அளந்தார். அளவு ஒன்றாக இருந்தாலும் தலை ஒன்றாக இருக்காது என்றார். அவருடைய தலை நீளவாக்கு. அதே அளவில் எடுத்த முதல் கவசம் உருண்டை. நெற்றியில் அழுத்தியது, காதுக்கு மேலே காற்றாடியது. அதை வைத்துவிட்டார். இரண்டாவது, கார்க்கினால் ஆன கிண்ணம் போன்றது. உள்ளே துணிப்பட்டைகள், காதை மூடும் தோல், தாடைக்கு வார். அதை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தேநீர் வரவழைத்துக் குடித்தார். பத்திரிகை படித்தார்.

அரை மணி ஆனதும் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார், வாங்கறியா, இல்ல அத்தப் போட்டுக்குனு இங்கயே குந்திக்கினு இருக்கப் போறியா?"

"வலிக்குதான்னு பாக்கறேன். மாட்டுன ஒடனே எல்லாம் சுகமாத்தான் இருக்கும்."

"தொப்பி சார் அது. பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறியே."

"பொண்ணுன்னா கூட அப்புறம் பேசித் தீத்துக்கலாம்பா," என்று எழுந்து, கழற்றி, கண்ணாடியில் நெற்றியைப் பார்த்தார். சிவந்த தடம் இல்லை. மறுபடி மாட்டி, வாரை இறுக்கி, இரு கைகளாலும் பிடித்து இடவலமாகத் திருப்பினார். கவசத்தோடு நெற்றித் தோலும் நகர்ந்தது. அப்படித்தான் நகர வேண்டும் என்றார். பக்கத்தில் விரலை நுழைத்துப் பார்க்கச் சொன்னார். நுழையவில்லை.

"இப்பப் பின்னால நின்னு, கீழ் ஓரத்தப் புடிச்சு முன்னால தள்ளித் தூக்குங்க மதாம்."

கடையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் சோதனை என்று வந்த பிறகு அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. முழு பலத்தோடு தூக்கினேன். அவர் தலை குனிந்தது. கவசம் அசையவில்லை.

"அவ்ளோதான். ஒரு விரல் இடம் இருந்தா, வேகத்துல காத்து உள்ள பூந்து தூக்கும். விழறப்ப அது ஒரு பக்கம் போவும், நாம ஒரு பக்கம்."

அடர்ந்த சுருள்முடி அவருக்கு. அந்த முடியின் மேல்தான் கவசம் அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்தது என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

தோன்றியது பிறகு, மூலக்குளத்தில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போனபோது. படையிலிருந்து மகன் உயிரோடு திரும்பினால் மொட்டை போடுவதாக அவருடைய தாயார் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டிருந்தார். மகன் திரும்பி ஆண்டுகள் ஆகியும் நேர்த்திக்கடன் முடியவில்லை.

"நீங்களாச்சும் சொல்லுங்கம்மா," என்றார் அந்த அம்மாள். "சாமிக்குச் சொன்னது."

"முடி போனா காஸ்க்கு ஆடும்மா," என்றார் கோதண்டபாணி. "வேலய உட்டுட்டு வந்து எறக்கறேன்."

"ஒரு தொப்பிக்கோசரம் சாமிய நிக்க வெக்கிறான் பாருங்க."

நான் சிரித்தேன். மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றும் சொன்னேன். அந்த அம்மாள் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. காபி மட்டும் கொடுத்தார்.

அந்த ஆண்டுகளில் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. முன்பெல்லாம் சீரம் பாதியாகக் குறைந்ததும் சென்னைக்கு எழுதிவிடுவேன். கோதண்டபாணி வந்த பிறகு, தீர்ந்தால் அவர் போய் வந்துவிடுவார் என்று இருந்துவிட்டோம். காலையில் கிளம்பினால் மதியம் கடந்து கொஞ்ச நேரத்தில் வந்து நிற்பார். குளிர்பெட்டியில் இடம் மிச்சம் என்று பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். அவருடைய வேகத்தை நாங்கள் கையிருப்பாக எண்ணினோம். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் மறுக்கவில்லை.

இந்த ஆண்டு கோடையில் தாயார் இறந்தார். பதினாறாம் நாள் கருமாதியில் கோதண்டபாணியும் அவருடைய தம்பி ஏழுமலையும் தலையை மழித்துக்கொண்டார்கள். மறுநாள் வேலைக்கு வந்தபோது அவரை எனக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. தலைக்கவசத்தை என் மேசைமேல் வைத்தார்.

"ஆத்தா ஜெயிச்சிட்டா," என்றார். சிரிக்க முயன்றார். பிறகு அதை மாட்டித் திருப்பிக் காட்டினார். கவசம் திரும்பியது, தலை அப்படியே இருந்தது. "ரெண்டு விரல் போவுது மதாம். முடி வர ரெண்டு மாசம் ஆவும். அது வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டேன்."

சரி என்றேன். அன்றைக்கே நான் குளிர்பெட்டியைத் திறந்து எண்ணியிருக்க வேண்டும். அவர் விடுப்பில் இருந்த பதினாறு நாட்களில் யாரும் சென்னைக்குப் போகவில்லை. பேருந்தில் ஒருவரை அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை.

அவர் வேலைக்குத் திரும்பிய நான்காம் நாள் காலை, குழந்தைகள் பிரிவின் மருத்துவர் வேகமாக வந்தார். தொண்டை அடைப்பான் கண்ட ஒரு பெண் குழந்தை, நான்கு வயது. அதற்குப் போட வேண்டிய சீரம் எங்களிடம் இல்லை. ஆறு மணிப் பேருந்து போய்விட்டது. அடுத்ததில் ஆள் போனால் திரும்ப இருட்டிவிடும். அதுவரை அந்தக் குழந்தை மூச்சு விடும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

கோதண்டபாணி மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. "கொஞ்சம் பஞ்சு குடுங்க மதாம்," என்றார்.

பஞ்சுருளையைக் கொடுத்தேன். துணியில் சுற்றி, கவசத்தின் உட்பட்டைகளுக்குள் திணித்தார். மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். நான் பின்னால் போய்ப் பிடித்துத் தூக்கினேன்.

"நின்னுச்சா?"

"நின்றது."

"வெரல்?"

காதருகே என் சுட்டுவிரல் நுழைந்தது. பஞ்சு அழுந்தும், வியர்வையில் இன்னும் அழுந்தும் என்பதை நான் அறிவேன். பஞ்சைக் கையாளாத நாள் எனக்கு இல்லை. அரை மணி மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அரை மணி எங்களிடம் இல்லை.

"ஒன்று போகிறது," என்றேன். பிறகு, "பரவாயில்லை," என்றேன்.

பரிசோதனைக்கூடத்தில் அந்தச் சொல்லை நான் அதற்கு முன் சொன்னதில்லை. அவருக்கும் அது தெரியும். திரும்பி என்னைப் பார்த்தார்.

"மதாமே பரவால்லன்னுட்டாங்க. அப்புறம் என்ன."

எட்டு மணிக்குப் புறப்பட்டார்.

திண்டிவனம் தாண்டி ஒரு வைக்கோல் வண்டி சாலையின் குறுக்கே திரும்பியது என்கிறார்கள். தலைக்கவசம் பல கெஜம் தள்ளி, புளியமர நிழலில் கிடந்தது. வார் பூட்டியபடியே இருந்தது. அது தலையில் நின்றிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அது நிற்கவில்லை என்பதற்கு மட்டும் ஆதாரம் இருக்கிறது.

மூலக்குளத்தில் சாமி குற்றம் என்று பேசிக்கொண்டார்கள். உரிய நேரத்தில் கொடுக்காத முடிக்கு உயிரை எடுத்துக்கொண்டதாம். அவர்கள் அப்படிச் சொல்வதை மறுக்க நான் வாய் திறக்கவில்லை. அந்தக் காரணத்தில் என் பெயர் இல்லை. அதனால் அதை ஏற்க எனக்கு உரிமை இல்லை. வாசலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். கட்டுக்குக் கீழே, நெற்றி ஓரத்தில், முடி கறுப்பாக அரும்பியிருந்தது.

குழந்தை பிழைத்தது. அதை எல்லாரும் எனக்கு ஆறுதலாகச் சொல்கிறார்கள். அது குழந்தையின் பெற்றோருக்கான ஆறுதல்.

சென்ற வாரம் ஏழுமலை வந்தார். அண்ணனின் வேலையைத் தனக்குத் தரும்படி மனு கொடுத்திருக்கிறார். மடியில் அந்தத் தலைக்கவசம் இருந்தது.

"போலீசுல குடுத்துட்டாங்க. ஒரு கீறல் இல்ல பாருங்கம்மா. வண்டியும் சரி பண்ணிட்டேன். அண்ணன் மாரியே போயிட்டு வந்துடுவேன்."

"மாட்டுங்கள்," என்றேன்.

மாட்டினார். அவர் தலையிலும் ஒரு மாதத்து முடிதான். வாரை இறுக்கச் சொன்னேன். பின்னால் போய் நின்று, கீழ் ஓரத்தைப் பிடித்து, முன்னால் தள்ளித் தூக்கினேன். பூட்டிய வாரோடு அது கழன்று என் கைக்கு வந்தது. உட்பட்டையில் பஞ்சு அப்பளம்போல் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏழுமலை திரும்பிப் பார்த்தார். "கொஞ்சம் பஞ்சு வெச்சா நிக்குமேம்மா. பரவால்ல, போட்டுக்கறேன்."

"பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன்," என்றேன். "நீங்கள் பேருந்தில் போய் வாருங்கள். வாரம் ஒரு முறை. தீருவதற்கு முன்னாலேயே நான் எழுதித் தருகிறேன்."

அவருக்கு வருத்தம்தான். என்னை நம்பாத முகத்தோடு போனார். அந்த முகம் இருக்கட்டும்.

அவரிடம் திருப்பிக் கொடுக்காத தலைக்கவசம் இப்போது குளிர்பெட்டியின் மேல் இருக்கிறது. குப்பிகளை எண்ணுவதற்காகத் தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் கதவைத் திறக்க வேண்டும். இரண்டாம் முறையும் எண்ணுகிறேன், கோதண்டபாணி. உங்கள் சாலையில் வேறு யாரையும் மோட்டார் சைக்கிளில் அனுப்பவில்லை. நீங்கள் இனி நிதானமாகப் போகலாம்.