கயிறு இல்லாத லிஃப்ட்

லிஃப்ட்காரருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஊரில் உள்ளவர்களை மேலே ஏற்றிக் கீழே இறக்குவதுதான் இருபத்தாறு வருடமாக அவருக்குப் பிழைப்பு. உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பட்டன் அமுக்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள், மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அவர் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அறை இருக்குமே, அதுதான் அவருடைய ஆபீஸ். மோட்டார் உறுமும், கிரீஸ் வாடை மூக்கைத் துளைக்கும், நிமிர்ந்தால் மண்டை இடிக்கும்.

அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. விமானம் என்றால் அவருக்குத் தொடை நடுங்கும்.

இது ஒரு ஈ காக்கைக்குக் கூடத் தெரியாது. தெரியாதது மட்டுமா, எல்லோரும் நேர் எதிராக நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஏனென்றால் நாலு வருடமாக ஒரு ஞாயிறு தவறாமல் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவர் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். படுக்கையறை மூலையில் மேஜை, மேஜை விளிம்பில் திருகி வைத்த ஸ்டியரிங், காலடியில் இரண்டு பெடல், காதில் ஹெட்போன். கூட வேலை பார்ப்பவர் ஒருவர், எந்நேரமும் கிரீஸ் டப்பாவும் கையுமாகத் திரிவதால் 'கிரீஸ்' என்றே பேர் வாங்கியவர், இவருக்குப் 'பைலட்டு' என்று பட்டம் கட்டியிருந்தார். பைலட்டு நிஜ விமானத்தின் படிக்கட்டைக் கூட மிதித்ததில்லை.

காரணம் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம். ஒரு லிஃப்டை ஆறு கயிறு தாங்குகிறது. இரும்புக் கயிறு. அதில் ஒன்று மட்டும் மிஞ்சினாலும் பெட்டி விழாது. ஆறும் அறுந்ததென்று வையுங்கள், வேகம் கூடியதுமே பக்கத்துத் தண்டவாளத்தை ஒரு பிடி கவ்விக்கொள்ளும். அதுவும் ஏமாற்றினால் குழியில் ஸ்பிரிங் காத்திருக்கிறது. சரி, விமானத்துக்கு என்ன இருக்கிறது? காற்று. முந்நூறு பேரை இரும்புப் பெட்டிக்குள் அடைத்து, முப்பத்து மூவாயிரம் அடி உயரத்துக்கு ஏற்றி, கயிறே கட்டாமல் விட்டிருக்கிறான்! எந்த இன்ஸ்பெக்டர் இதற்குக் கையெழுத்துப் போட்டான் என்பது லிஃப்ட்காரரின் நெடுநாள் கேள்வி.

மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனாள். "வாங்கப்பா, வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள். அன்றைக்குத்தான் அந்த விமான விளையாட்டை வாங்கினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினால் பயம் தெளியும் என்று கணக்கு. பெண்டாட்டியிடம், "மூளைக்குப் பயிற்சி, டாக்டர் சொன்னாரு" என்று ஒரு புளுகு விட்டார். எந்த டாக்டர் என்று அவள் கேட்கவில்லை. மூளைக்கு ஏதாவது செய்தால் சரி என்று விட்டுவிட்டாள்.

அந்தத் தடவை, வருடாந்திரச் சோதனை நேரம், லிஃப்டுகளை அப்படியே போட்டுவிட்டு வர முடியாது என்று தப்பினார். அடுத்த தடவை முழங்கால் வலி. அதற்கடுத்த தடவை பாஸ்போர்ட் போட்டோவில் காது தெரியவில்லை. இப்போது மகள் எட்டு மாதக் கர்ப்பம். அம்மா அப்பா இருவருக்கும் அவளே டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டு, போனில் ஒரே போடாகப் போட்டாள்.

"அப்பா, இந்தத் தடவையும் சாக்கு சொன்னீங்க, பிள்ளைகிட்ட உங்க போட்டோவைக் காட்டி, 'இது யாரோ லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவரு'ன்னு சொல்லிடுவேன். பார்த்துக்கோங்க."

"வர்றேன்மா, வராம இருப்பேனா?" என்றார். வைத்துவிட்டுப் பார்த்தால் உள்ளங்கை நனைந்திருந்தது. இன்னும் மூன்று வாரம்தான்.

நாலு வருடமாக அவர் ஓட்டியது மூக்கில் ஒரு காத்தாடி வைத்த குட்டி விமானம். நாலு சீட்டு. அதில் அவருக்குப் பயமே கிடையாது. தாழப் பறக்கும், விழுந்தாலும் ஏதாவது மரத்தில் தொங்கலாம். அதுவும் எடை குறைவு, காகிதம் மாதிரி மிதந்துவிடும் என்பது அவர் கட்சி. மகள் அனுப்பிய டிக்கெட்டோ நூற்றுக்கணக்கான டன் சமாச்சாரம். காகிதம் மிதக்கும், கல் மிதக்குமா? மருந்து போதவில்லை, அடுத்த டோஸ் வேண்டும். எந்த விமானத்துக்கு மாறுவது?

வாரம் முழுக்க இதே நினைப்பு. மத்தியானம் மொட்டை மாடியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கிரீஸிடம் யோசனை கேட்டார்.

"ரெண்டு காத்தாடி வச்சது ஒண்ணு இருக்கு. படிப்படியா போறவங்க அதுக்குத்தான் போவாங்களாம். இல்லேன்னா குட்டி ஜெட்டு, எட்டு பேர் போகலாம். இல்லேன்னா நேரா பெருசு."

"ரெண்டு காத்தாடிதான் சரி" என்றார் கிரீஸ். "ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும். நமக்கும் அப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"எதுல?"

"எதுலயும்தான். குட்டி ஜெட்டு வேணாம் பைலட்டு. அது முதலாளிங்க போறது, உனக்கு வேலைக்கு வந்த மாதிரியே இருக்கும்."

வீட்டில் மூன்று விமானங்களின் படத்தையும் அச்செடுத்துக் கண்ணாடியில் ஒட்டி வைத்து மாறி மாறிப் பார்த்தார். பெண்டாட்டி தலைவாரக் கண்ணாடி கிடைக்காமல் பொறுமையிழந்தாள்.

"என்னைக் கட்டிக்கிறதுக்குக் கூட நீங்க இவ்வளவு யோசிக்கலையே."

"யோசிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தவர், நல்ல வேளை, மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

மூன்று வாரத்தில் படிப்படியாகப் போக எங்கே நேரம்? தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. டிக்கெட்டை எடுத்து அதில் அச்சடித்திருந்த விமானத்தின் பெயரைப் பார்த்தார். கல்லோடுதான் போக வேண்டும் என்றால் அந்தக் கல்லையே ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

பெரிய விமானத்தைத் திறந்ததும் திரை முழுக்க சுவிட்ச். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான், ஆனால் லிஃப்ட்காரருக்கு ஒரே குஷி. ஒயரும் சுவிட்சும் அவருக்குச் சொந்தக்காரர்கள் அல்லவா? மவுஸால் ஒவ்வொன்றாகத் தட்டுவது பிடிக்காமல், சொந்தமாகவே ஒரு பெட்டி செய்தார். என்ஜினுக்கு எரிபொருள் போவதைத் திறக்கவும் மூடவும் இரண்டு பிடி வேண்டும். பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு மெயின் சுவிட்ச், சிவப்புக் கைப்பிடி வைத்தது, வீட்டில் சும்மா கிடந்தது. அதையே பொருத்தினார். பார்க்க அம்சமாக இருந்தது. வினையும் அங்கேதான் இருந்தது.

அதோடு விமானத்தின் புத்தகம் ஒன்று, தலையணை கனம். மனிதர் வரிவரியாகப் படித்தார். 'என்ஜின் நின்றுவிட்டால்' என்ற அத்தியாயம் வந்ததும் மட்டும், நல்ல காரியத்துக்குப் போகும்போது இது எதற்கு என்று பத்துப் பக்கத்தையும் சேர்த்துப் புரட்டிவிட்டார்.

மூன்றாவது ஞாயிறு காலை. பெண்டாட்டி கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு துணி மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள், தன் துணி மட்டும். லிஃப்ட்காரர் முப்பத்து மூவாயிரம் அடியில் இருந்தார். ஏறியதும் அழகு, திரும்பியதும் அழகு. ஆட்டோமேட்டிக்கில் போட்டுவிட்டுக் காப்பிக் குவளையை எட்டி எடுத்தார். முழங்கை ஸ்டியரிங்கில் இடித்தது. ஆட்டோமேட்டிக் கழன்றுகொண்டு, 'வீய்ங்' என்று ஒரு கூப்பாடு போட்டது.

மெக்கானிக்குகளுக்கு ஒரு வேதம் உண்டு. தெரியாத சத்தம் எது வந்தாலும், முதலில் மெயினை இறக்கு, அப்புறம் யோசி. லிஃப்ட்காரரின் பத்து விரலும் இன்னும் பத்தாகவே இருப்பதற்கு அந்த வேதம்தான் காரணம். சத்தம் கேட்ட மறு விநாடி அவர் கை தன்பாட்டுக்குப் போனது. டக், டக். சிவப்புக் கைப்பிடி இரண்டும் கீழே.

காதில் இரைந்துகொண்டிருந்த என்ஜின் இரண்டும் அடங்கின. அப்பாடா என்று மூச்சு விட்டார். விட்ட மூச்சு பாதியில் நின்றது. அடப்பாவி! நின்றுவிட்டால் பத்திரம் என்பது லிஃப்டுக்கு அல்லவா?

கண்ணை இறுக மூடிக்கொண்டார். இதோ விழப்போகிறது. கல். நூற்றுக்கணக்கான டன் கல்.

விழவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். மேகம் அதே இடத்தில் இருந்தது. மூக்கு லேசாகத் தாழ்ந்திருந்தது, அவ்வளவுதான். கைப்பிடிகளைத் திரும்ப மேலே தள்ளிப் பார்த்தார், என்ஜின் கிளம்பவில்லை. கிளப்புவது எப்படி என்பது அந்தப் பத்துப் பக்கத்தில் இருந்தது.

"என்னங்க, அப்படியே உறைஞ்சு போயிட்டீங்க, கரண்ட் போச்சா?" என்றாள் பெண்டாட்டி.

"இல்ல. இன்ஜின் போச்சு."

"ஒண்ணா?"

"ரெண்டும். நான்தான் ஆஃப் பண்ணிட்டேன்."

கையில் துண்டோடு வந்து அவருக்குப் பின்னால் நின்றாள். இறங்கும் வேகத்தைக் காட்டும் முள்ளை லிஃப்ட்காரர் உற்றுப் பார்த்தார். நிமிடத்துக்கு ஆயிரத்தைந்நூறு அடி. மனதுக்குள் தன் கணக்குக்கு மாற்றினார். விநாடிக்கு ஏழரை மீட்டர். மறுபடி ஒருமுறை கணக்குப் போட்டார், அதே ஏழரைதான்.

"ஏய், இது நம்ம அறுபது மாடி லிஃப்ட் இறங்குற வேகம்!" என்று கத்தினார். "அந்த வேகத்துல ஜனங்க உள்ளே நின்னுக்கிட்டுத் தலை சீவிக்கிட்டு வர்றாங்க!"

அப்புறம் நடந்ததெல்லாம் அவருக்கு அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. தூரத்தில் ஒரு விமான நிலையத்தைக் கண்டுபிடித்துத் திருப்பினார். வேகம் குறைந்தால் மூக்கைத் தாழ்த்தினார், கூடினால் தூக்கினார். பெண்டாட்டி துண்டைப் பிழிந்துகொண்டே, "இடது பக்கம், இடது பக்கம்" என்றாள், ஓடுபாதை வலது பக்கம் இருக்கும்போது. கடைசியில் உயரம் மிஞ்சிப்போய், ஓடுபாதையின் கோடியில் தொட்டு, அதையும் தாண்டிப் புல்லில் ஓடி, ஒரு பள்ளத்தில் மூக்கைக் குத்தி விமானம் நின்றது. ஒரு சக்கரம் போச்சு என்று திரையில் எழுத்து வந்தது. என்ஜின் நின்று எவ்வளவு நேரம் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு நிமிடம்.

உலகத்தில் எவனும் செய்யாத முட்டாள்தனத்தைச் செய்தும் இருபத்திரண்டு நிமிடம்! லிஃப்ட்காரர் நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெண்டாட்டி பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கு விமானத்துல ஏறப் பயம்" என்றார், திரையைப் பார்த்தபடி. "ரொம்பப் பயம். அதான் முழங்கால் வலி, அதான் காது தெரியலை, எல்லாம் அதான். டாக்டரும் கிடையாது ஒண்ணும் கிடையாது."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பயமா?" என்றாள். "நாலு வருஷமா நான் என்ன நினைச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? வேலைக்கும் போகாம என்கூட ஒரு மாசம் ஒரே இடத்துல இருக்கப் பிடிக்காமத்தான் இந்த மனுஷன் சாக்கு சொல்றாருன்னு. என்னை அனுப்பிட்டு நிம்மதியா இந்த டப்பாவோட இருக்கலாம்னு பார்க்கறீங்கன்னு. எத்தனை நாள் சமையல்கட்டுல நின்னு அழுதிருக்கேன்."

"சீ, அப்படியெல்லாம் இல்லடி" என்றார் லிஃப்ட்காரர். எழுந்து போய் அவள் பக்கத்தில், மடித்த துணிகளின் மேலேயே உட்கார்ந்தார். அவள் அதற்குக் கூடத் திட்டவில்லை.

"நிஜத்துலயும் ரெண்டும் நின்னுபோனா, எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று கேட்டாள், முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி.

"இதே மாதிரிதான். இருபது, இருபத்தஞ்சு நிமிஷம்."

அவள் யோசித்தாள்.

"உங்களைத் திட்டி முடிக்க அது பத்தாது" என்றாள். "கூட வாங்க. வழியெல்லாம் திட்டிக்கிட்டே வர்றேன்."