கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னார்கள்

பேசக் கற்றுத் தருகிறேன் என்று யாராவது மேடையேறினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. என் மகள் படித்த கல்லூரியில் அப்படி ஒரு வகுப்பு வைத்து, பெற்றோரையும் வரச் சொன்னார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டேன். தலைவலியெல்லாம் ஒன்றுமில்லை, கோபம்தான்.

எழுபதுகளின் கடைசியில் நானும் என் அண்ணனும் அரியலூரில் ஒரே கல்லூரியில் படித்தோம். அவன் வேதியியல், கடைசி வருடம். நான் முதல் வருடம். எங்கள் ஊர் உடையார்பாளையத்துக்குப் பக்கம். ஊரில் ஒரு பெரிய வீட்டுக்காரரின் முந்திரிக்காட்டுக்கு அப்பா காவல். அம்மாவுக்கும் அதே வீட்டுக் களத்தில்தான் வேலை. எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போனவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அரசாங்க விடுதியில் சோறு போட்டார்கள், உதவித்தொகை கொடுத்தார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அப்பாவின் காவல் வேலை. அது போனால் நாங்களும் படிப்பை விட்டுவிட்டு முந்திரி பொறுக்கப் போக வேண்டியதுதான். இது வீட்டில் நான்கு பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த வருடம் சனிக்கிழமை மத்தியானங்களில் தலைமைப் பண்பும் பேச்சுத் திறனும் வளர்க்கிற பயிற்சி என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதற்காகத் திருச்சியிலிருந்து ஒருவர் வந்தார். இளவயது. நல்ல மனிதர், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பையன்களை ஒவ்வொருவராக முன்னால் கூப்பிட்டுப் பேச வைப்பார். பெண்கள் நாங்கள் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். "நீங்கல்லாம் பாத்தே கத்துக்கலாம்மா" என்றார். பார்ப்பதில் எங்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. நான் ஒன்று விடாமல் பார்த்தேன்.

அவருடைய பாடம் ரொம்பச் சுருக்கம். முதுகை வளைக்காதே. கையைக் கட்டாதே. முதலில் வணக்கம் சொல், லேசாகச் சிரி. எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார். விஷயத்தை நேராகச் சொல்லிவிட்டு நிறுத்து. "எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அவரும் மனுஷன்தான். கண்ணப் பாத்துப் பேசுறவன யாரும் மறுக்க மாட்டாங்க" என்பார்.

முதல் நாள் அண்ணன் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர் கிட்டே வந்து, கட்டியிருந்த கைகளைத் தானே பிரித்துவிட்டார். அடுத்த நிமிடம் அவை தானாகக் கட்டிக்கொண்டன. வகுப்பே சிரித்தது, அண்ணனும் சிரித்தான். ஆனால் பிடிவாதக்காரன். சில வாரங்களில் அந்த வகுப்பில் அவனை விட்டால் ஆளில்லை. "நீ கலெக்டர் ஆகவேண்டிய பையன்" என்று அவர் எல்லார் முன்னாலும் சொன்னபோது, ஓரத்து பெஞ்சில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் அண்ணன் வீட்டிலும் விடமாட்டான். அப்பாவை எதிரில் உட்கார வைத்து, "என்னப் பாத்துப் பேசுங்கப்பா" என்பான். அப்பா அவன் காதைப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார், கடைசியில் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவார். அம்மாவும் நானும் வயிறு வலிக்கச் சிரிப்போம். பெற்ற பிள்ளையைக்கூட அப்பாவால் நேராகப் பார்க்க முடியவில்லை என்பது அப்போது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

பெரிய வீட்டில் கல்யாணம் வந்தது. எங்கள் தெரு முழுக்க வேலைக்குப் போக வேண்டும், அது வழக்கம். இந்தத் தடவை படிக்கிற பையனும் வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கல்யாண நாளன்றைக்குத்தான் அண்ணனுக்குச் செய்முறைத் தேர்வு. அதை விட்டால் ஒரு வருடம் போச்சு.

"ஆண்ட நல்ல மனசுல இருக்கறப்பப் பாத்து நான் பதமாக் கேட்டுக்கறேன்" என்றார் அப்பா. எங்கள் தெருவில் அந்த மனிதரை அப்படித்தான் சொல்வார்கள்.

"வேணாம்ப்பா, நானே பேசுறேன்" என்றான் அண்ணன்.

பெரிய வீட்டுக்காரர் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் அம்மாவும் கொஞ்சம் தள்ளிக் கல்யாணத்து அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் நேராக நடந்து போனான். கைகள் பக்கத்தில் தொங்கின. "வணக்கம்ங்க ஐயா. கல்யாணத்தன்னிக்கு எனக்குப் பரீட்சை இருக்குதுங்க. அன்னிக்கு மட்டும் வர முடியாது. முன்னாடி பின்னாடி எல்லா வேலையும் நான் செய்யறேங்க" என்றான். அவர் முகத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அப்புறம் நிறுத்திக்கொண்டான். திருச்சிக்காரர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

பெரிய வீட்டுக்காரர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "பரீட்சயா? போயி எழுதுப்பா. படிக்கிற புள்ள" என்றார்.

அண்ணன் திரும்பி வரும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா மட்டும் தலை நிமிராமல் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் காட்டுக்குப் போன அப்பா போன வேகத்தில் திரும்பி வந்தார். கையில் காவல் தடி இல்லை. கணக்குப்பிள்ளை வழியிலேயே நிறுத்தி வாங்கிக்கொண்டாராம். "இனிமே வர வேணாம்னு சொல்லிட்டாரு. உம்மவன் அவரு மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறானாமே" என்றாராம்.

அப்பா அண்ணனைத் திட்டவில்லை. "என்னா பேசுன?" என்று மட்டும் கேட்டார்.

"மரியாதயாத்தாம்ப்பா பேசுனேன்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

அப்பா துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பெரிய வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். நிற்க வைத்தே திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் போனபோது, "பையன் வரட்டும்" என்று பதில் வந்தது. எதற்கு வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

"நீ போவாத. போயிப் பரீட்ச எழுது. வேல போனாப் போவுது" என்று நான் அண்ணனிடம் கத்தினேன்.

"வேல போனா உம் படிப்பு என்னாவும்?" என்றான்.

கல்யாணத்தன்று அரியலூரில் அவனோடு படித்தவர்கள் செய்முறைத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், அண்ணன் பெரிய வீட்டுப் பந்தலுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தான். நான் பாத்திரம் கழுவுகிற இடத்தில் இருந்தேன். பெரிய வீட்டுக்காரர் புதுவேட்டியில், உறவுக்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். "இவந்தான். என்னக் கண்ணுக்குக் கண்ணு பாத்துப் பேசுனவன்" என்று அவர்களுக்குக் காட்டினார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

"எங்க, இப்பப் பாரு. நிமிந்து பாருடா. சிரி" என்றார்.

அண்ணன் கோடாலியைக் கீழே வைத்தான். கைகள் தானாகக் கட்டிக்கொண்டன. அவரது காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். உறவுக்காரர்கள் சிரித்தார்கள். அவர் மறுபடியும், "பாரேண்டா" என்றார். விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பா நின்றிருந்தார். அண்ணன் அப்படியே அவர் காலடியில் குப்புற விழுந்தான். "தப்புதாங்க ஆண்டே" என்றான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

மறுநாள் அப்பாவின் கைக்குத் தடி திரும்பி வந்தது.

அந்த வாரச் சனிக்கிழமைதான் பயிற்சியின் கடைசி வகுப்பு. வெளியிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். முதலில் பேச அண்ணனைத்தான் போட்டிருந்தார் அந்தத் திருச்சிக்காரர். தேர்வுக்கு வராதது மட்டும்தான் அவருக்குத் தெரியும், உடம்பு சரியில்லை என்று நினைத்திருந்தார். வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று அண்ணன் வந்திருந்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டதும் மெதுவாக எழுந்து முன்னால் போனான்.

கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர் சிரித்தபடி வந்து கைகளைப் பிரித்துவிட்டார். அவை கட்டிக்கொண்டன. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"நிமிர்ந்து பாருப்பா. எங்க, என்னப் பாரு. கொஞ்சம் சிரி" என்றார் அன்பாக.

அண்ணன் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணிலிருந்து நீர் சொட்டியது, துடைக்கக்கூட இல்லை. அவருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "கிராமத்துப் பையன்களுக்குத் திறமை இருக்கு, தன்னம்பிக்கைதான் இல்ல. அதத்தான் நாம வளக்கணும்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

"அவன் பாத்தான் சார்."

"என்னம்மா?"

"நீங்க சொன்ன மாதிரியே கண்ணப் பாத்துப் பேசுனான். சிரிச்சான். அதுக்குத்தான் சார் இது."

அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், அப்புறம் விருந்தாளிகளைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உக்காரும்மா. பெண்களுக்கு இன்னொரு நாள் வச்சுக்கலாம்" என்றார். அடுத்த பையனைக் கூப்பிட்டார்.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. அண்ணன் தேர்வை மறுபடி எழுதவும் இல்லை. அப்பாவுக்கு முடியாமல் போனதும் தடியை அவன் வாங்கிக்கொண்டான். அந்தத் தடி கொடுத்த காசில்தான் நான் பட்டம் வாங்கினேன், வேலைக்குப் போனேன், ஊரை விட்டு வெளியேறினேன்.

பெரிய வீட்டுக்காரர் செத்துப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. காட்டை விற்றுவிட்டார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தான், தலையெல்லாம் நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்து நின்றான்.

"எப்ப வந்த?" என்று என் காலைப் பார்த்துக் கேட்டான்.