ஒட்டி வைத்த பேட்டரி

திங்கட்கிழமை மனு நாள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே புங்கமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு லேப்டாப்பில் மனு அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. அடித்ததை ஜெராக்ஸ் கடைக்கு போனில் அனுப்பினால் பிரிண்ட் வந்துவிடும். நான் எட்டாவதோடு நின்றவள். என் கையெழுத்தும் அங்கேயே நின்றுபோச்சு. லேப்டாப்பில் அடித்தால் அது யாருக்கும் தெரியாது. மரத்தடியில் கரண்ட் ஏது? பேட்டரிதான் என் கடை.

முன்பு வைத்திருந்த பழைய லேப்டாப்பில் பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம். இரண்டு வைத்திருந்தேன், ஒன்று தீர்ந்தால் இன்னொன்று. அது ஓய்ந்தபிறகு வாங்கியது மெல்லிசு, தூக்குவதற்குச் சுகம். அடியில் திருப்பிப் பார்த்தேன். பேட்டரிக்கு வழியே இல்லை. இது ஓய்ந்தால் எப்படி மாற்றுவது என்று அன்றைக்கே கேட்டேன். "வாங்கின அன்னைக்கே கருமாதி வரைக்கும் யோசிப்பியா?" என்றார் வீட்டுக்காரர்.

இந்த ஆயுத பூஜைக்குப் பலகையில் வைத்துச் சந்தனம் தொடும்போது லேப்டாப் ஆடியது. பலகை கோணலோ என்று திருப்பிப் போட்டேன். அப்போதும் ஆடியது. அடிப்பக்கம் உப்பியிருந்தது.

"மாசமா இருக்குது போல. வளையல் வாங்கிப் போடு" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரலை. வெடித்துவிடுமோ என்று கற்பூரத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

சர்வீஸ் கடைத் தம்பி திறந்து பார்த்தார்.

"பேட்டரிய பசை போட்டு ஒட்டியிருக்காங்கக்கா. இந்த மாடலுக்குக் கம்பெனி பேட்டரி இப்ப வர்றதில்ல. வேற போட்டா நான் பொறுப்பில்ல. புதுசா லேப்டாப்பே வாங்கிடுங்க."

"மத்ததெல்லாம் நல்லாதானே இருக்குது?"

"ஜோரா இருக்குது."

"அப்புறம் ஏன் தூக்கிப் போடணும்?"

"வர்றவங்க எல்லாம் இதைத்தான்க்கா கேக்கறாங்க."

உப்பினதை மெல்ல நெம்பி எடுத்துவிட்டு, சார்ஜர் மாட்டினால் மட்டும் ஓடும் என்று கொடுத்தார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே யோசனை. கார்த்திகைக்கு மலைமேல் ஏற்றும் தீபத்துக்குத் திரியும் நெய்யும் தீரும். அதற்காகக் கொப்பரையை யாரும் வருஷா வருஷம் மாற்றுவதில்லை. இந்த லேப்டாப்பில் முதலில் சாகப்போவது எது என்று செய்தவனுக்குத் தெரியாதா? தெரிந்துதானே மற்றதோடு சேர்த்து ஒட்டியிருக்கிறான்? மெல்லிசாக வரணும் என்றால் அப்படித்தான் செய்யணும் என்றார் அந்தத் தம்பி. அதுவும் நிஜமாக இருக்கலாம். மெல்லிசு வேணும்னு கேட்டு வாங்கினதும் நான்தான்.

அடுத்த திங்கள் மரத்தை விட்டுவிட்டு டீக்கடைச் சுவரோரம் உட்கார்ந்தேன். டீக்கடை அக்கா ஒரு பிளக் பாயிண்ட் விட்டுக்கொடுத்தார். "ஒயர் தடுக்கி எவனாவது விழுந்தா நீதான் தூக்கி விடணும்" என்றார்.

அடி அண்ணாமலையிலிருந்து ஒருவர் வந்தார். அவர் நிலத்துக்குப் போகும் வழியைப் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டாராம். ஒரு பக்கம் அடித்திருப்பேன், கரண்ட் போனது. திரை கறுத்து, அவர் சொன்ன அத்தனையும் போச்சு.

"எப்ப வரும்மா?"

"தெரியலைங்க."

"அதுக்குள்ள மனு வாங்கறத முடிச்சிடுவாங்க. கையில எழுதிக் குடு."

"என் எழுத்து நல்லா இருக்காதுங்க."

"என் பொழப்பு மட்டும் நல்லாவா இருக்குது? எழுதும்மா."

வெள்ளைத்தாள் வாங்கி வந்தேன். இரண்டாம் தடவை சொல்லும்போது அவருக்குக் கோபம் கம்மியாகியிருந்தது. வேலி எங்கே இருக்கிறது, டிராக்டர் எவ்வளவு சுற்றிப் போகிறது என்று நேராகச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினேன். அவர் உள்ளே போன பிறகு ஆபீஸ் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்க முடியலைன்னு திருப்பிக் கொடுத்துவிட்டால் இனி இந்தப் பக்கம் யார் என்னைத் தேடி வருவார்கள்?

வெளியே வந்தார்.

"வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்க. எழுத்து பெருசு பெருசா இருக்கவே அந்த சார் கண்ணாடி போடாமலே படிச்சிட்டாரு."

கூடவே வரிசையில் பார்த்த ஒரு அம்மாவையும் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மா பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தது.

"மிஷின்ல அடிக்கப் போறியா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, நீங்க சொல்லுங்க" என்றேன்.