கட்டில் கால் லேத்து

போடிமெட்டு வளைவில் என் ஜீப்பு கவிழ்ந்தபோது, உள்ளேயிருந்த, ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். என் இடது முழங்கால் மட்டும் நொறுங்கிப்போனது. எலும்பு கூடியது, கால் மடங்கவில்லை. கிளட்ச் மிதிக்க முடியாத டிரைவருக்கு என்ன வேலை இருக்கிறது? என் மனைவி இன்னொருவர் ஜீப்பில், அதே வளைவு வழியாக, ஏலக்காய் எடுக்கப் போகத் தொடங்கினாள். சாயங்காலம் அவள் இறங்கி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

படுத்துக்கிடந்த நாட்களில் ஒரு பலாக்கட்டையை உளியால் குடைந்து கிண்ணம் செய்திருந்தேன். பழைய பழக்கத்தில் என்னைப் பார்க்க வந்த, மூணாறில் சுற்றுலாக்காரர்களுக்கு மரச்சாமான் விற்கும் கடைக்காரர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"கையால குடைஞ்சா கட்டுப்படியாகாது. மிஷின்ல கடைஞ்சு பெருசா கொண்டா, வாங்கிக்கிறேன்."

நின்றுகொண்டே பார்க்கக்கூடிய வேலை. அவர் சொன்ன 'வாங்கிக்கிறேன்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஜீப்பைக் காயலான் கடையில் போட்டேன். அந்தப் பணத்துக்குள் மரம் கடையும் லேத்து வாங்க வேண்டும்.

மதுரையில் புது மெஷின் பளபளவென்று இருந்தது. கோணல் கட்டை ஒன்றை மாட்டி ஓட்டிக் காட்டச் சொன்னேன். மேசையோடு சேர்ந்து நடுங்கியது. எடை அவ்வளவு லேசு. கட்டையைக் கவ்விப் பிடிக்கிற பாகத்துக்கும் உளிக்கும் தனி விலை என்றார்கள். ஊருக்குப் பஸ் ஏறினேன்.

தேனியில் ஒரு பட்டறைக்காரர் பழைய லேத்து ஒன்றை விற்கப்போவதாகச் சொன்னார்கள். கட்டில் கால் கடைந்த மெஷின், முழுக்க வார்ப்பிரும்பு. உளியும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். ஆளைவிட நீளம், ஆனால் சுழலும் அச்சுக்கும் கீழே மெஷின் நீளத்துக்கும் ஓடும் இரும்புத் தண்டவாளத்துக்கும் நடுவே என் உள்ளங்கைதான் நுழைந்தது. அதில் சட்னிக் கிண்ணத்துக்கு மேல் கடைய முடியாது.

"யோசிக்காதீங்கண்ணே, வேற ஆளு கேட்டுட்டுப் போயிருக்காப்ல" என்றார்.

வாய் வரைக்கும் 'சரி' வந்துவிட்டது; நாளைக்குச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தேன். இதுவும் இல்லையென்றால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அந்த மெஷினைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"ஏங்க, கட்டில் காலுக்கு ரெண்டு பக்கமும் பிடிக்கணும். கிண்ணத்தை ஒரு பக்கம் பிடிச்சாப் போதுமே, எதுக்கு அம்புட்டு நீளம்? கட்டையைச் சுத்துற தலை மட்டும் போதாதா?"

மறுநாளே தேனிக்குப் போனேன். பட்டறைக்காரர் முனகினார்; பிறகு தலைப்பகுதி, மோட்டார், உளிகளைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தார். வீட்டின் பின்புறக் கொட்டகையில் சிமெண்டுத் திண்டு கட்டி, அதன் விளிம்பில் தலையை போல்ட்டு போட்டு இறுக்கினேன். கீழே தண்டவாளம் இல்லாததால் இனி எவ்வளவு பெரிய கட்டையும் தடையில்லாமல் சுற்றும்.

ஒன்றை மறந்துவிட்டேன். அது மெல்லிய கட்டில் காலைச் சுற்றிய வேகம்; அகலக் கட்டைக்கு அது தாங்காது. பெரிய கட்டையை மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் திண்டு உறுமியது, கட்டை பிய்த்துக்கொண்டு என் காதை உரசி, கூரை ஷீட்டை உடைத்து வெளியே போனது. மடங்காத காலை நீட்டிக்கொண்டு உடைந்த ஷீட்டுத் தூளிலேயே உட்கார்ந்து அழுதேன். ஜீப்பும் போயிற்று, இதுவும் போயிற்று என்று வாய்விட்டே சொன்னேன்.

வேலை முடிந்து வந்த மனைவி கூரை ஓட்டையைப் பார்த்தாள். பிறகு என் தலையைத் தடவினாள்.

"மண்டையில படலயில்ல? அப்பப் போதும். அதை மெதுவாச் சுத்த வைக்க முடியாதா?"

முடியும். ஜீப்பை விற்ற காயலான் கடையிலேயே மோட்டார் பெல்ட்டு ஓடுகிற பெரிய புல்லிச் சக்கரம் ஒன்று கிடைத்தது. அதைத் தலையில் மாட்டியதும் வேகம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஈரம் காயாத சில்வர் ஓக் மரத்தில் கடைந்த முதல் கிண்ணம் காயும்போது வெடித்தது. அடுத்ததும் வெடித்தது. காய்ந்த பலாவில் கடைந்தது வெடிக்காமல் நின்றது.

மூணாறு கடைக்காரர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, குறைந்த விலைதான் சொன்னார். ஆனாலும் வாங்கிக்கொண்டார். மனைவி இன்னும் மலைக்குப் போகிறாள். கூரை ஓட்டையைத் தகரம் வைத்து மூடியிருக்கிறேன். இந்த வாரம் கடைக்காரர் இரண்டு கிண்ணம் கேட்டிருக்கிறார்.