நான்கு விரல் சந்து

2007 ஆகஸ்ட் 7, செவ்வாய். எட்டரைக்கு எங்கள் வீட்டு வரைபட அலுவலகத்தைத் திறந்து பென்சில்களைச் சீவி வைத்தேன். பத்து மணிக்கு, முத்தியால்பேட்டையில் வீடு கட்டப்போகும் ஓர் அம்மாள் வந்தார்.

“பக்கத்துல மூணு மாடி நிக்குதே தம்பி, வெளிச்சம் வருமா?”

என் கூட்டாளி பாஸ்கர் கணினியில் வீட்டைச் சுழற்றிக் காட்டினான். “பாருங்கம்மா, கூடம் முழுக்க வெயிலு.” அந்த மூன்று மாடியை அவன் வரையவே இல்லை. நாளை கையெழுத்துப் போடுவதாக அம்மாள் சொல்லிப் போனார்.

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் பழைய வாடை, அறையில் இல்லாமலே என் மூக்கில் ஏறியது. எனக்கு ஒன்பது வயதில், பெரியப்பா அந்தப் பசையால் இரண்டு அட்டை வீடுகள் ஒட்டிக் கொண்டுவந்தார். பூர்விக வீட்டை இடித்து அவரும் அப்பாவும் ஆளுக்கொன்று கட்டுவதாக ஏற்பாடு. பலகையில் இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் சந்து விட்டிருந்தார். “ஒன் ஜன்னல் எல்லாம் இதுலதான்டா தெறக்கும்” என்றார் அப்பாவிடம். அப்பா நம்பிக் கையெழுத்திட்டார். பத்திரத்தில் சந்து இல்லை. எங்கள் ஜன்னல்களை ஒட்டியே அவர் சுவர் எழுப்பினார். பகலிலும் விளக்கு போட்டுத்தான் படித்தேன். “அட்ட வூட்டுலயே குடியிருந்திருக்கலாம்” என்று அம்மா பெரியப்பா காதுபடச் சொல்வாள். அவர் சாவுக்கும் நான் போகவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, அந்த அம்மாளின் வீட்டையும் மூன்று மாடியையும் அட்டையில் அளவாக வெட்டி ஒட்டி, அவர் உட்காரும் நாற்காலிக்கு எதிரே வெயிலில் வைத்தேன். கூடம் இருட்டாக இருந்தது.