கிணற்றுக்குப் போன இரண்டு கதவுகள்

ஆலங்குடாவுக்குக் கிட்ட, மன்னாரிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கும் ஒரு கிராமத்தில், ஹஃபீலாவின் வீட்டுக்கு வாசல் இரண்டு உண்டு, கதவு ஒன்றும் இல்லை. கதவுகள் இரண்டும் கிணற்றின் மேல் கிடக்கின்றன. ஊர் நலன்புரிச் சங்கம் இதைத் தன் வரலாற்றில் வேறு விதமாகத்தான் எழுதிக்கொள்ளும். ஆகையால் நடந்ததை நடந்தபடி இங்கே சொல்லிவைப்பது நல்லது.

ஹஃபீலா கைக்குழந்தையாக இந்தக் கரைக்கு வந்தவள். தொண்ணூறாம் ஆண்டு போரில் மன்னார் முஸ்லிம்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டபோது, நிறைந்து வழிந்த வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து வந்த உம்மா, பிள்ளையைச் சேலைத் தலைப்பால் இடுப்போடு இறுக்கிக் கட்டியிருந்தாராம். இப்போது அவளுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. கணவன் றிஸ்கான் கடலுக்குப் போகிறான். கருவாடு காயவைக்கும் வாடிக்கு வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் தங்கள் சின்னப் பிள்ளைகளை அவள் முற்றத்தில் விட்டுப்போவார்கள். கேட்டுவிட்டுப் போனவர்கள் பாதி, வேலியருகே இறக்கிவிட்டு ஓடியவர்கள் மீதி. ஐந்தாறு உருப்படி, எல்லாம் நடக்கத் தெரிந்து நிற்கத் தெரியாத வயது.

அந்த முற்றத்தை ஒட்டித்தான் சங்கம் கிணறு கட்டியது. கட்டார் நாட்டில் கடை வைத்திருக்கும் முபாறக், காலமான வாப்பாவின் பெயரில் நன்மை சேரட்டும் என்று செய்த உதவி அது. நல்ல எண்ணம், நல்ல தண்ணீர். பக்கத்திலே ஆள் உயரத்துக்கு ஒரு தூண், தூணிலே பளிங்குக் கல், கல்லிலே வாப்பாவின் பெயர். கிணற்றுக் கட்டு மட்டும் முழங்கால் உயரம். தண்ணீரை மோட்டர் இழுத்துத் தாங்கிக்கு ஏற்ற, ஊர் குழாயில் பிடித்துக்கொள்கிறது. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவேண்டிய அவசியம் உலகத்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இருந்தது. அது கைத்தொலைபேசி.

"கட்டை உசத்தினா வீடியோவுல தண்ணி விழாது, மகள்" என்று பொறுமையாக விளக்கினார் சங்கத் தலைவர் செய்னுலாப்தீன் ஹாஜியார். "கிணறு கட்டித் தந்த மனிசனுக்கு வெறும் சீமெந்தையா காட்டுற?"

"அப்ப ஒரு மூடியாவது போடுங்களேன், ஹாஜியார்."

"மூடி போட்டா மூடிதான் விழும்."

செயலாளர் நெய்னார் சிரித்தார். "கடல்லயே விழாம வந்து சேந்த ஆள் நீ. கிணத்துக்குப் பயப்புடுறியே, தங்கச்சி."

"வரக்குள்ள உம்மா என்னயக் கட்டி வச்சிருந்தா, நானா. இதுகள ஆர் கட்டுற?"

"புள்ளையப் பாக்கிறது பெத்தவங்கட பொறுப்பு."

ஆக, சங்கத்தின் கணக்குத் தெளிவாக இருந்தது. கிணறு சங்கத்துடையது, நன்மை முபாறக்குடையது, விழுந்தால் பொறுப்பு விழுந்தவனுடையது. விழுந்தவனுக்கு வயது இரண்டு.

அவன் வாடிக்குப் போகும் நஸ்லாவின் மகன் ஸப்ரான். தண்ணீரில் விழும் குழந்தை கத்தும், கையடித்துக் கூப்பிடும், நாங்கள் ஓடிப்போய்த் தூக்கலாம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கரையில் இன்னமும் ஏராளம். அது சத்தமே போடாது. மூச்சுக்கே வாய் போதாதபோது கத்த எங்கே போவது? அடுப்பில் சோற்றைப் பார்த்துவிட்டு ஹஃபீலா திரும்பி வந்தபோது, முற்றத்தில் ஒரு சத்தம் குறைந்திருந்தது. ஸப்ரான் காலையிலிருந்து ஓயாமல் தட்டிய பால்மா டின் கிணற்றுக் கட்டின் மேல் இருந்தது. ஸப்ரானைக் காணவில்லை.

அவள் குதித்தாள். தண்ணீர் அவள் நெஞ்சளவுதான். பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் குரல் கொடுத்தாள். ஆட்டோக்கார இன்சாப் ஓடிவந்து வாங்கினான். வாங்கியவன், பிள்ளையின் கால் இரண்டையும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டான்.

"சுத்தினா தண்ணி வெளிய வந்துரும், ராத்தா."

"சுத்தினாயெண்டா உன்னயத்தான் இதுக்குள்ள போடுவன். கீழ கிடத்து."

ஏறி வந்து, முன்பு கிளினிக்கில் மருத்துவிச்சி காட்டித் தந்தபடி, பிள்ளையின் வாயோடு மூக்கோடு வாய்வைத்து ஊதினாள். ஊதினாள், மறுபடி ஊதினாள். ஸப்ரான் இருமி, தண்ணீரைச் சத்தி எடுத்து, பிறகு அழுதான். அழுதுவிட்டானே, இனி என்ன என்று கூட்டம் கலையப் பார்த்தது. ஹஃபீலா ஈரத்தோடு ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நெஞ்சுக்குள் தண்ணீர் போயிருக்கலாம் என்று டொக்டர் அன்றிரவு பிள்ளையை வார்டில் மறித்துக்கொண்டார்.

சங்கம் சும்மா இருக்கவில்லை, அவசரக் கூட்டம் போட்டது. பார்த்துக்கொண்டிருந்தவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஒரு மணிநேரம் ஆராய்ந்தது. கடைசியில், 'கவனம், ஆழமான கிணறு' என்று பலகை எழுதித் தூணில் மாட்டியது. எழுத்து அழகாகத்தான் இருந்தது. ஸப்ரானின் வயதுக்காரர்கள் அதைப் படித்துத் திருந்தும் நாளுக்காகச் சங்கம் காத்திருந்தது.

ஹஃபீலா காத்திருக்கவில்லை. கடலால் வந்த றிஸ்கான் வாசலில் நின்று தடவிப் பார்த்தான்.

"கதவு எங்க?"

"கிணத்துல."

"விழுந்துட்டா?"

"போட்டிருக்கன்."

"பின்கதவும்?"

"ஒண்டு பத்தல்ல."

"நாய் பூந்தா?"

"நாய் பூந்தா சட்டியில இருக்கிற சோறுதான் போகும்."

றிஸ்கான் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு வள்ளத்துக் கயிற்றை எடுத்துப்போய்க் கதவுகளைக் கட்டோடு சேர்த்து வரிந்து கட்டினான். கடலில் போடுகிற முடிச்சு அது. சங்கத்தில் ஒருவருக்கும் அவிழ்க்கத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் முபாறக்குக்கு நேரடி வீடியோவில் கிணற்றைக் காட்டுவதாக ஏற்பாடு. ஹாஜியார் அத்தர் பூசிக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால், கதவுகளின் மேல் ஹஃபீலா உட்கார்ந்திருந்தாள்.

"எறங்குங்க மகள். லைன் வந்துட்டு."

"வரட்டும்."

தொலைபேசிக்குள்ளிருந்து முபாறக் கேட்டான். "கிணறு எங்க, ஹாஜியார்?"

"கதவுக்குக் கீழ, நானா. தண்ணி உள்ளுக்கு இருக்கு" என்றாள் ஹஃபீலா. "புள்ளையள் வெளிய இருக்குதுகள். அப்பிடியே இருக்கட்டும்."

"ஆரு இது?"

"ஒண்டுமில்ல முதலாளி, ஒரு சின்னப் பிரச்சினை" என்றார் நெய்னார். "கட்டு அளவான உசரந்தான்."

ஹஃபீலா கூட்டத்தில் நின்ற நஸ்லாவைப் பார்த்தாள். நஸ்லா ஸப்ரானைக் கொண்டுவந்து கட்டின் அருகே இறக்கிவிட்டாள். ஸப்ரான் கட்டைப் பார்த்தான், கையை ஊன்றினான், ஒரு காலைத் தூக்கி மேலே போட்டான்.

"பிடிங்க, புள்ளையப் பிடிங்க" என்று கட்டாரிலிருந்து முபாறக் அலறினான். "என்ட வாப்பாட பேருல மையித்தா எடுக்கப் போறீங்க? ஆரு உங்களுக்கிட்டத் தண்ணி பாக்கணும் எண்டு சொன்ன?"

உண்மையில் அப்படி எவரும் சொன்னதில்லை.

அடுத்த கிழமையே கட்டு நெஞ்சுயரத்துக்கு எழும்பியது. சங்கத்தின் தூரநோக்கைப் பாராட்டி இன்னொரு பளிங்குக் கல்லும் பதிக்கப்பட்டது. மூடி பற்றி மட்டும் இன்னும் ஆலோசனை நடக்கிறது. வேலைக்காக அவிழ்த்த கதவுகளை றிஸ்கான் புதுக் கட்டின் மேல் ஏற்றி, மறுபடி அதே முடிச்சைப் போட்டான்.

நேற்று ஹாஜியார் வந்தார். தட்டுவதற்குக் கதவில்லாததால் வாசலில் நின்று இருமினார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"கட்டுத்தான் உசந்துட்டே, மகள். கதவ எடுத்து மாட்டுங்களேன். வெளியூர் ஆக்கள் வந்து பாத்தா சங்கத்துக்கு வெக்கம்."

"மூடி வரட்டும், ஹாஜியார். இதுகள் கதிரைய இழுத்துக் கொண்டுபோய் வச்சு ஏறுற வயசு."

"பிடிவாதம் புடிக்கிறீங்க."

"ஓம்."

ஹாஜியார் எழுந்தார். வெளியே போகும்போது பழக்கத்தில் கதவைச் சாத்தக் கையை நீட்டினார். கையில் காற்றுத்தான் அகப்பட்டது.